உரித்தவனுக்கே உரித்தானது

ஒரு காட்டில் ‘உரிமை’ என்ற சொல்லே இல்லாமல் இருந்தது. இல்லாததால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. யானை தோண்டிய ஊற்றில் முயல் குடித்தது. குரங்கு உலுக்கிய மரத்தின் அடியில் மான் மேய்ந்தது. “இது யாருடையது?” என்று கேட்கத் தோன்றாமலே அங்கே பல தலைமுறைகள் பிறந்து, தின்று, தின்னப்பட்டுப் போய்ச் சேர்ந்தன.

அந்தச் சொல்லைக் காட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு நரி. வேறு யார் கொண்டுவருவார்கள்?

நரியின் பெயர் சொல்லழகன். ஒரு நாள் அது கோழி பிடிக்க ஊரோரத் தோப்புக்குப் போய்ப் புதருக்குள் பதுங்கிக் கிடந்தது. அங்கே அண்ணனும் தம்பியும் ஒரு தென்னை மரத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நட்டுவைத்த கடப்பாரையில் தேங்காயைக் குத்தி உரித்துக்கொண்டே, “இந்த மரம் எனக்கு உரித்தானது. எனக்குத்தான் உரிமை!” என்றான். தம்பி வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

நரி அசந்துபோயிற்று. அடிக்கவில்லை, கடிக்கவில்லை. ஒரே ஒரு சொல்தான், ஆள் போய்விட்டான்!

“ஓகோ! எவன் உரிக்கிறானோ அவனுக்கே உரித்தானது. மனிதர்களின் சூட்சுமம் இவ்வளவுதானா?” என்று சொல்லிக்கொண்டு, கோழியை மறந்து, காட்டுக்குத் திரும்பியது. அரைகுறையாகக் கற்ற பாடத்தில்தான் எத்தனை குதூகலம்!

அந்த ஆண்டு கோடை பொல்லாத கோடையாக இருந்தது. ஓடை வற்றியது. யானைகள் தண்ணீரைத் தேடி மலை தாண்டிப் போய்விட்டன. பாறைகளுக்கு நடுவே ஒரு மருத மரத்தடியில் இருந்த சிறிய சுனையில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. சருகு மிதக்கும் பச்சைத் தண்ணீர். ஆனாலும் தண்ணீர்.

ஒரு காலையில் நரி அங்கே குடிக்கப் போனது. சுனையோரப் பாறையில் எதையோ பார்த்துத் துள்ளிப் பின்வாங்கியது. அங்கே ஒரு மலைப்பாம்பின் சட்டை கிடந்தது. நல்ல நீளம். கொஞ்ச நேரம் பார்த்தது. சட்டை அசையவில்லை. காலால் தட்டிப் பார்த்தது. வெறும் தோல்தான்.

அப்போதுதான் தோப்பில் கேட்ட சொல் அதற்கு நினைவு வந்தது.

முதலில் வந்தது காட்டுப்பன்றி. உடம்பு மலைபோல, புத்தி மட்டும் கொஞ்சம் நிதானமாக வரும்.

“நில்!” என்றது நரி. “இந்தச் சுனை எனக்கு உரித்தானது. எனக்குத்தான் உரிமை.”

“உரிமையா? அது என்ன, கிழங்கா?” என்று பன்றி ஆவலோடு கேட்டது.

“கிழங்கு இல்லையடா மடையா! இதோ பார். இந்த மலைப்பாம்பை உரித்தவன் நான். உரித்தவனுக்கே உரித்தானது. இதுதான் உரிமை. ஊரில் மனிதர்களே இதற்குக் கட்டுப்படுகிறார்கள்.”

பன்றி தோலைப் பார்த்தது. அந்த நீளத்தைப் பார்த்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும். பாம்பையே உரித்தவன் என்றால் பன்றி நடுங்காதா? முட்டித் தள்ளியிருந்தால் நரி மூன்று பாறை தள்ளிப் போய் விழுந்திருக்கும். ஆனால் பன்றி வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

அடுத்து வந்த மந்தி மட்டும் தலையைச் சொறிந்தது. “அண்ணே, நானும்தான் தினமும் பழம் உரிக்கிறேன்.”

“பழம் உரித்தால் பழம் உனக்கு. பாம்பை உரித்தால் பாம்பு படுத்த சுனை எனக்கு. கணக்குச் சரிதானே?”

“அட, சரிதான்!” என்றது மந்தி. அதற்கு எல்லாமே சரியாகத்தான் படும்.

நரி அவற்றுக்கு அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிக்கொடுத்தது. “‘எனக்குக் கொடு’ என்று கேட்டால் அது பிச்சை. ‘எனக்கு உரித்தானது’ என்று சொன்னால் அது உரிமை. சொல்லும்போது முகவாயை இப்படித் தூக்கிக்கொள்ள வேண்டும். குரல் தழையக் கூடாது. ஏன், எப்படி என்று எதிரே நிற்பவன் யோசிப்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.”

பிறகு தண்ணீருக்கு விலை வைத்தது. பன்றி கிழங்கு தோண்டிக் கொண்டுவந்தது. மந்தி ஈச்சம்பழம் பறித்துவந்தது. பெண்மயிலிடம் நரி வேறெதுவும் கேட்கவில்லை. “ஒரு முட்டை” என்றது. மயில் அழுதுகொண்டே போய், ஒரு முட்டையை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வந்தது. நரி அதை மருதமர வேரின் இடுக்கில் பத்திரமாக வைத்தது. விருந்தைக் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்!

வெயில் உச்சிக்கு ஏறியபோது சுனைக்கு வந்தது சிறுகுளம்பி.

சிறுகுளம்பி ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. காட்டிலேயே அதுபோலப் பயந்தாங்கொள்ளி கிடையாது. ஒரு சருகு விழுந்தால் நின்றுவிடும். இன்னொன்று விழுந்தால் ஓடிவிடும். அன்றைக்கு அது ஓடக்கூடிய நிலையில் இல்லை. பின்னாலேயே அதன் குட்டி தள்ளாடி வந்துகொண்டிருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லாததால் மடியில் பால் வற்றிவிட்டது. குட்டி இரண்டு அடி நடக்கும், உட்காரும். மறுபடி எழுந்திருக்க அதற்கு நெடுநேரம் ஆகும். இன்னொரு முறை உட்கார்ந்தால் எழுந்திருக்குமோ என்னவோ என்று தாய் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

“நரியாரே, ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்” என்றது சிறுகுளம்பி.

“குடியேன். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இந்தச் சுனை எனக்கு உரித்தானது.” நரி பாம்பின் சட்டையை மூக்கால் தள்ளிக் காட்டியது. “இதை உரித்தவன் நான். பன்றி கிழங்கு கொடுத்தது. மந்தி பழம் கொடுத்தது. நீ என்ன கொடுப்பாய்?”

“என்னிடம் என்ன இருக்கிறது, நரியாரே?”

நரி சிறுகுளம்பியைப் பார்க்கவில்லை. அதன் கால்களுக்கு நடுவே சுருண்டு கிடந்த குட்டியைப் பார்த்தது. பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது.

“இருக்கிறதே! அதை என்னிடம் விட்டுவிட்டு நீ வயிறு நிறையக் குடி. எப்படியும் அது பிழைக்காது. நீயாவது பிழைத்துக்கொள்.”

சிறுகுளம்பி குட்டியை உடம்பால் மறைத்துக்கொண்டது. ஓடலாம்; குட்டியால் ஓட முடியாது. நிற்கலாம், நின்றால் தாகமே குட்டியைக் கொன்றுவிடும். பன்றியும் மந்தியும் மயிலும் புதரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பயத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிறுகுளம்பி அந்தப் பாம்புச் சட்டையைப் பார்த்தது. பார்த்த கண்ணை அதனால் எடுக்க முடியவில்லை.

தோலில் ஒரு பல் தடம் இல்லை. ஒரு கிழிசல் இல்லை. வாயிலிருந்து வால்வரை முழுசாக, கழற்றிப் போட்ட சட்டையைப் போல உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது. பாறையின் நிழல் விழுந்த இடத்தில் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்புக்குப் பயந்தே வாழ்கிற பிராணியும் கொஞ்சம் அறியும். சிறுகுளம்பியின் கூடப்பிறந்த அக்காவை விழுங்கியது ஒரு மலைப்பாம்புதான். தன்னைத் தின்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சருகுமானும் வளர்ந்து ஆளாவதில்லை. சட்டை உரிக்கும் காலத்தில் மலைப்பாம்பு இரை எடுக்காது. உரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சோர்ந்து பதுங்கிக் கிடக்கும்; பிறகு கொலைப் பசியோடு வெளியே வரும். தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது.

சிறுகுளம்பி மெதுவாகச் சுனைப் பக்கம் கண்ணைத் திருப்பியது.

காற்றே இல்லை. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. ஆனால் மிதந்த சருகுகளில் ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்தது. அது நகர்ந்த இடத்தில், நீர் மட்டத்தில், இரண்டு சிறிய துளைகள் தெரிந்தன. மூக்குத் துளைகள்.

சிறுகுளம்பிக்குத் தொண்டைவரை கூச்சல் வந்தது. விழுங்கிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர் என்று ஓடிப்போய்க் குனிந்திருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும்.

“என்ன யோசனை? வெயில் கொளுத்துகிறது” என்றது நரி.

“உங்கள் உரிமையைப் பற்றித்தான் யோசிக்கிறேன், நரியாரே.” குரல் நடுங்கியது. நடுங்கியதும் நல்லதாகப் போயிற்று. நரிக்கு அது மரியாதையாகப் பட்டது. “நான் ஒன்றும் தெரியாதவள். இந்த உரிமை எதுவரைக்கும்? தண்ணீர் மட்டும்தானா?”

“தண்ணீர் மட்டுமா? கரையும்தான்.”

“கரை என்றால் எதுவரை? எல்லை தெரிந்தால்தானே எங்களைப் போன்றவர்கள் தப்பு செய்யாமல் இருப்போம்?”

நரிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அட, எல்லை! இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே! உடனே எழுந்து, முன்காலால் மண்ணைக் கீறிக்கொண்டே, சுனையையும் மருத மரத்தையும் சுற்றி ஒரு கோடு இழுத்தது.

“இந்தக் கோட்டுக்குள் இருக்கிறதெல்லாம் உரித்தவனுக்கே உரித்தானது! கல், தண்ணீர், முட்டை, உள்ளே நிற்கிற கால், எல்லாம்!”

“உயிருள்ளவையுமா?”

“உயிருள்ளவைதான் முதலில்!” என்று சொல்லிவிட்டு நரி சிரித்தது.

சிறுகுளம்பி குனிந்து குட்டியின் பிடரியை மூக்கால் உந்தியது. குட்டி எழுந்திருக்கவில்லை. மறுபடி உந்தியது. ‘எழுந்திரு, என் கண்ணே, எழுந்திரு’ என்று அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. குட்டி நடுங்கி நடுங்கி எழுந்தது. தாயும் குட்டியும் பின்னால் ஓர் அடி வைத்தன. இன்னும் ஓர் அடி. கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றன.

நரியின் கண் சுருங்கியது. “ஏய், எங்கே போகிறாய்?”

“உரிமை இல்லாத நாங்கள் கோட்டுக்குள் நிற்கலாமா, நரியாரே? நீங்களே சொல்லிவிட்டீர்களே.”

“ம்… அதுவும் சரிதான். குட்டியை மட்டும் உள்ளே அனுப்பு.”

“அனுப்புகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு நாலு பேருக்குத்தான் உங்கள் உரிமை தெரியும். நாளைக்கு வேறு எவனாவது வந்து, இது என்னுடையது என்று சொன்னால்? காடே கேட்கச் சொல்லிவிடுங்கள். அதோ, தண்ணீரை ஒட்டி ஒரு மேட்டுக்கல் இருக்கிறதே, அதன்மேல் ஏறி நின்று சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். நீங்கள் நிற்கும் அழகும் தெரியும்.”

நுணலும் தன் வாயால் கெடும். நரி மட்டும் என்ன விதிவிலக்கா?

சொல்லழகன் மேட்டுக்கல்லின்மேல் ஏறியது. வாலை அழகாகத் தொங்கவிட்டது. வால் நுனி தண்ணீரைத் தொட்டது. முகவாயைத் தூக்கிக்கொண்டு, காடெல்லாம் எதிரொலிக்க ஊளையிட்டது:

“உரித்தவனுக்கே உரித்தானது!”

சருகுகள் விலகின.

“உரித்தவனுக்கே உரித்தானது!”

பன்றிக்குக்கூட இப்போது தண்ணீரில் ஏதோ தெரிந்தது. அது வாயைத் திறப்பதற்குள் நரி மூன்றாவது முறையும் கத்தியது.

“உரித்தவனுக்கே…”

“உரித்தவன் வந்திருக்கிறேன்” என்றது ஒரு குரல்.

தண்ணீரிலிருந்து ஒரு தலை எழுந்தது. புதுத்தோல் பளபளத்தது. நரி திரும்பிப் பார்த்தபோது மலைப்பாம்பு அதன் வயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது.

“ஐயா! ஐயா! நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!”

“பேச்சு நன்றாக இருந்தது” என்றது பாம்பு. அதற்கு அவசரமே இல்லை. “ஆண்டுதோறும் இங்கேதான் சட்டை உரிக்கிறேன். இது எனக்கு உரித்தானது என்று இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று. நீ சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கோடு யார் போட்டது?”

“நா… நான்தான், ஐயா.”

“கோட்டுக்குள் உயிரோடு இருப்பது யார்?”

நரி சுற்றிலும் பார்த்தது. பன்றி புதரோரம் நின்றது. மந்தியும் மயிலும் அதன் பக்கத்தில். சருகுமானும் குட்டியும் கோட்டுக்கு வெளியே. எல்லோரும் வெளியேதான் இருந்தார்கள்.

“நான்… மட்டும்தான்.”

“உள்ளே இருப்பது யாருக்கு உரித்தானது? முகவாயைத் தூக்கிக்கொண்டு சொல். உனக்குத்தான் நன்றாகச் சொல்ல வருமே.”

“உரித்த… உரித்தவ…”

அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க அதற்கு மூச்சு மிஞ்சவில்லை.

சிறுகுளம்பிக்கு மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. அது கண்ணை மூடிக்கொண்டது. திறந்தபோது மேட்டுக்கல்லின்மேல் பாம்பு மட்டுமே இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்றி தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, “பாம்பையா, அப்படியானால் சுனை இனிமேல் உங்களுக்குத்தான் உரித்தானதா? உங்களுக்கும் கிழங்கு கொண்டுவர வேண்டுமா?” என்று பணிவாகக் கேட்டது.

பாம்பு பதில் சொல்லவில்லை. வாய் நிறைய இருக்கும்போது யார்தான் உரிமை பேசுவார்கள்? கனத்த உடம்பை மெல்ல இழுத்துக்கொண்டு பாறை இடுக்குக்குள் போய்ப் படுத்தது. இனி அது பசித்து எழ நெடுநாள் ஆகும். உரித்துப் போட்ட சட்டையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரும் அசையவில்லை. தண்ணீர் எதிரே இருந்தது. நடுவே அந்தக் கோடும் இருந்தது. கோடு போட்டவன் போய்விட்டான். ஆனாலும் அதைத் தாண்ட ஒருவருக்கும் கால் எழவில்லை.

குட்டி மறுபடி உட்கார்ந்துவிட்டது. தலை சாய்ந்தது.

அதைப் பார்த்ததும் சிறுகுளம்பி காலை எடுத்து வைத்தது. காட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி, கொட்டைப்பாக்கு அளவுக் குளம்பால் அந்தக் கோட்டின்மேல் மண்ணைத் தள்ளியது. இரண்டு தள்ளில் அந்த இடத்தில் கோடு இல்லை. அவ்வளவு சின்னக் கோடுதான் அது.

“நில், தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டு பன்றி வந்தது. மூக்கால் உழுதுகொண்டே சுற்றி வந்து மிச்சக் கோட்டையும் இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. வேரிடுக்கில் இருந்த முட்டையை உடையாமல் உருட்டிக் கொண்டுவந்து மயிலின் முன்னால் விட்டது. “காலையிலேயே செய்திருக்க வேண்டும்” என்று அது முணுமுணுத்தது. மயில் முட்டையைச் சிறகால் மூடிக்கொண்டது.

மந்தி ஓர் இலையில் தண்ணீர் ஏந்தி வந்து குட்டியின் வாயில் சொட்டியது. குட்டியின் நாக்கு வெளியே வந்து அதைத் தேடியது. தாய் தாங்கிக்கொள்ள, குட்டி தானே நாலு அடி நடந்து சுனையின் ஓரத்துக்குப் போனது. ஆனால் குனியவில்லை. வந்ததிலிருந்து அது கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே பேச்சுத்தானே! தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தது.

“அம்மா, இது யாருக்கு உரித்தானது?”

சிறுகுளம்பி குட்டியின் நெற்றியை ஒருமுறை நக்கிக்கொடுத்தது.

“உனக்குத் தாகமாக இருக்கிறது. குடி.”

நீதி: அடுத்தவர் உரித்ததைக் காட்டி உரிமை கொண்டாடுகிறவன், உரியவர் வரும்போது தன் தோலையே இழப்பான்.